மூன்றாவது சரணத்துக்கு அப்புறம்

எங்கள் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. விடிவதற்குள் ரோஜாப்பூவும் முருகனும் வந்து இறங்கிவிடுவார்கள். ஒன்பது மணிக்குள் சர்க்கரை வியாதிக்கு மூன்று கைவைத்தியம் வந்துவிடும். ஒன்று சாப்பிடு என்பதை இன்னொன்று தொடாதே என்று சொல்லும். நான் பெரும்பாலும் திறந்தே பார்ப்பதில்லை. போன மார்கழியில் ஒருநாள் என்ன கிறுக்குப் பிடித்ததோ, கொரட்டூர் ஃபிளாட் பால்கனியில் உட்கார்ந்து அந்தக் குழுவில் ஒரு நீண்ட பதிவு எழுதினேன். சும்மா இருந்திருக்கலாம்.

எழுதியது அறுபதுகளின் ஆங்கிலப் பாட்டுக் குழுக்களைப் பற்றி. தலைமுடி வளர்த்த பையன்கள் கிட்டாரும் கையுமாக உலகத்தையே ஆட்டிவைத்த கதை எல்லோருக்கும் தெரியும். அதே பையன்கள் நடுநடுவே தங்கள் பாட்டன் காலத்து நாடகக் கொட்டகைப் பாட்டுகளைத் தூசி தட்டி எடுத்துப் பாடினார்கள் என்பது பலருக்குத் தெரியாது. கிளாரினெட் கொஞ்சும், பியானோ டப்பாவைத் தட்டுகிற மாதிரி கேட்கும், பாடுகிறவன் ஒரு புனலுக்குள் மூக்கால் பாடுவான். பழைய கிராமபோனிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். கேலி செய்கிறார்களா, கொண்டாடுகிறார்களா என்று சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே மூச்சில் செய்தார்கள், எனக்கு அதுதான் பிடித்தது. இருபத்தோரு வயதில் நான் அந்தப் பாட்டுகளுக்காகச் செத்தேன். இன்றைக்கும் எங்கேயாவது கேட்டால் நெஞ்சு அடைக்கிறது. இத்தனைக்கும் அது என் பாட்டன் பாட்டு இல்லை, பாடினவனும் என் ஊர்க்காரன் இல்லை. இதற்கெல்லாம் ஏன் எனக்கு அழுகை வரவேண்டும் என்று பதிவில் கேட்டிருந்தேன். கடைசியில் கொஞ்சம் பீற்றிக்கொள்ளலாம் என்று, எங்கள் குழு ஆயுத பூஜையில் பாடியதன் டேப் இன்னும் என்னிடம் இருக்கிறது என்று முடித்தேன்.

எங்கள் குழு என்றால் நான்கு பேர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே தொழிற்சாலையில் வேலை. நான் ஷீட் மெட்டலில் இருந்தேன், பாடுவேன். டூல் ரூமில் இருந்த ஆங்கிலோ இந்தியன் கிட்டார். ஸ்டோர்ஸ் கிளார்க் ஒருவன் அக்கார்டியன். டிரம்ஸ் என் நண்பன், லேத்தில் டர்னர் வேலை. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். கிட்டார்க்காரனின் அண்ணன் லண்டனிலிருந்து இசைத்தட்டுகள் அனுப்புவான். சனிக்கிழமை மத்தியானம் ஆவடியில் அவன் வீட்டில் கூடி, ஊசி தேயத் தேயக் கேட்போம். பாடும் புனலை நானே செய்தேன். மெஷினுக்கு எண்ணெய் ஊற்றும் புனலைக் கொஞ்சம் பெரிதாகத் தட்டினால் அதுதான்.

ஒருநாள் கிட்டார்க்காரன் கேட்டான், அவர்கள் அவர்களுடைய தாத்தா பாட்டைப் பாடுகிறார்கள், உங்கள் தாத்தா பாட்டு எங்கே என்று. எனக்கு உடனே பொறி தட்டியது. என் நண்பனின் அப்பா வாலிபத்தில் நாடகக் கம்பெனியில் பபூனாக இருந்தவர். ஊர் ஊராகப் போய் விடிய விடிய ஜனங்களைச் சிரிக்க வைத்தவர். நாடகம் படுத்த பிறகு எங்கள் தொழிற்சாலையிலேயே வாட்ச்மேனாகச் சேர்ந்துவிட்டார். காக்கி உடுப்பு, தொப்பி, கேட்டில் எல்லோருடைய பையையும் சோதிக்கிற வேலை. அவர் ஒருகாலத்தில் பபூன் என்பது தொழிற்சாலையில் யாருக்கும் தெரியாது. என் நண்பன் மூடி வைத்திருந்தான். எனக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டில்தான் மீன் குழம்பு சாப்பிடுவேன். அவரை நானும் நைனா என்றுதான் கூப்பிடுவேன். இரவல் கோட்டு போட்டுக்கொண்டு தலை தீபாவளிக்குப் போன மாப்பிள்ளையைப் பற்றி அவர் ஒரு பாட்டு பாடுவார். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பாட்டு நிற்கும். எட்டு அடி தாளம் மட்டும் ஓடும். அந்த எட்டு அடிக்குள் மாப்பிள்ளை கால் தடுக்கி விழப்போய், விழாமல், ஒன்றும் நடக்காத மாதிரி கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு நிமிர வேண்டும். கொல்லையில் லுங்கியோடு செய்து காட்டுவார். நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன்.

அந்தப் பாட்டை எடுக்கலாம் என்றதும் நண்பன் முகம் மாறியது. கொஞ்ச நேரம் குச்சியால் நாற்காலியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"பாடிக்கோ. யார் பாட்டுன்னு மட்டும் எவன்கிட்டயும் சொல்லாத" என்றான்.

"சத்தியமா சொல்லமாட்டேன்டா" என்றேன்.

ஆயுத பூஜை அன்று எஸ்டேட்டே வேறு மாதிரி இருக்கும். மெஷின்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டிருப்பார்கள். வருஷத்தில் அந்த ஒருநாள்தான் பெண்டாட்டி பிள்ளைகளை உள்ளே விடுவார்கள். கை நிறைய பொரிகடலையுடன் குழந்தைகள் லேத் மெஷினைச் சுற்றி ஓடும். சாயங்காலம் நான்கு மணிக்கு அசெம்பிளி ஷெட்டில் எங்கள் கச்சேரி. கிட்டார்க்காரன் தன் ஸ்பூல் டேப் ரெக்கார்டரை மேடை ஓரத்தில் வைத்து ஓடவிட்டிருந்தான்.

கடைசிப் பாட்டாக அதைப் பாடினேன். புனலை மைக்கில் வைத்து, மூக்கால். முதல் சரணத்திலேயே கூட்டம் எழுந்துவிட்டது. மூன்றாவது சரணம் முடிகிற நேரம், கேட்டில் நிற்க வேண்டிய நைனா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். தொப்பியைத் திருப்பிப் போட்டிருந்தார். மேடைப் படியில் கால் தடுக்கி, விழப்போய், விழாமல் நிமிர்ந்து, காக்கிச் சட்டையைக் கோட்டு மாதிரித் தட்டிவிட்டுக்கொண்டார். அப்போது யாரோ கூட்டத்திலிருந்து, "வந்துட்டான்டா பபூனு!" என்று கத்தினான். ஷெட்டே அதிர்ந்தது. கடைசிச் சரணத்தை நைனாவே பாடினார்.

இந்தக் கதையை நான் ஐம்பது வருடத்துக்கு மேலாக இப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். யாரோ கத்தினான் என்று.

அன்றைக்கு கேன்டீன் மாஸ்டர் ஆடினார், ஃபோர்மேன்கூட ஆடினார். மறுநாள் அவர்களை யாரும் எதுவும் சொல்லவில்லை. வாட்ச்மேனும் வெறுமனே ஆடினார் என்று போயிருக்கும். ஆனால் அந்த ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டது. ஷிஃப்ட் முடிந்து வெளியே போகிறவர்கள் கேட்டில் நின்று, "பபூனு, ஒரு நடை நடந்து காட்டு, அப்பறமா பைய காட்றேன்" என்பார்கள். அவரும் நடந்து காட்டுவார். சிரித்துக்கொண்டுதான் செய்தார். என் நண்பன் அந்த வரிசையில் நின்று அதைத் தினமும் பார்த்தான். அவனுக்கும் பபூன் மகன் என்று பெயர் விழுந்தது. பொங்கலுக்கு முன்னால் ஒருநாள், கேட்டில் நைனாவைத் தடுக்கி விழச் சொன்ன ஒருவனை டிபன் கேரியராலேயே மண்டையில் அடித்தான். வேலை போயிற்று. நைனாவும் உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். குடும்பத்தோடு வேப்பம்பட்டுப் பக்கம் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். போகும்போது நண்பன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமாக இருக்கிறான், அவனாகத் தணிந்து வரட்டும் என்று நான் இருந்தேன். குழுவும் கலைந்தது. கிட்டார்க்காரன் ஆஸ்திரேலியா போகிறபோது ஸ்பூலை என்னிடம் கொடுத்தான். போட்டுக் கேட்க என்னிடம் மெஷின் இல்லை. அலமாரியில் கல்யாணப் புடவைகளுக்கு அடியில் அது கிடந்தது.

பதிவு போட்ட மூன்றாவது நாள் தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு வந்தது.

"டேப்பு வச்சிகினு கீறியாமே" என்றது ஒரு குரல். ஹலோ இல்லை, யார் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. குழுவில் யாரோ நண்பனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"கீது" என்றேன். ஐம்பது வருடமாக நான் பேசாத பேச்சு தானாக வாயில் வந்தது.

"எங்க நைனா கொரலு அதுல கீதா?"

"கடைசிச் சரணம் அவரு பாடினதுதானே. இருக்கும்."

"எங்கிட்ட அவரு போட்டோ ஒண்ணுதான் கீது. கொரலு மறந்துபோச்சுடா. ரெண்டு வருசமா ஞாபகப்படுத்திப் பாக்கறேன், வர மாட்டேங்குது. கேக்கணும்."

நலமா என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

என் மருமகள் ஐடி கம்பெனியில் வேலை செய்கிறாள், பாதி நாள் வீட்டிலிருந்தே. பழைய டேப்புகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருகிற ஒருவர் பூந்தமல்லியில் இருக்கிறார் என்று கண்டுபிடித்து, ஸ்பூலைக் கொடுத்து வாங்கி வந்தவள் அவள்தான். ஒரு ஞாயிறு காலையில் ஹாலில் உட்கார்ந்து கேட்டோம். சத்தம் ஆச்சரியமாகத் தெளிவாக இருந்தது. குழந்தைகள் கத்துவது, நாற்காலி இழுபடுவது எல்லாம் கேட்டது. என் இளங்குரல் மூக்கால் கோணிக்கொண்டு வந்ததும் மருமகள் சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்தது. மூன்றாவது சரணம் முடிந்தது. டிரம்ஸ் உருண்டது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

"வந்துட்டான்டா பபூனு!"

மூக்கால், புனல் வழியாக, மைக்கில், என் குரல்.

"மாமா, இது நீங்கதானே?" என்றாள் மருமகள், இன்னும் சிரித்துக்கொண்டே.

மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும் நான்தான். அதற்கு அடுத்து நைனாவின் குரல் மைக்குக்குப் பக்கத்தில் வந்து, "வந்துட்டேன் தொரைகளே!" என்கிறது. பிறகு ஒரு சிரிப்பு. அடிவயிற்றிலிருந்து, ஒரு கேவல் மாதிரித் தொடங்கி உடைந்து சிதறுகிற சிரிப்பு. அதற்குப் பிறகு அவர் பாடுகிறார்.

நான் பொய் சொன்னேன் என்று யாராவது சொன்னால் கோபம் வரும். நான் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்திருந்தேன். கத்தினவன் நின்ற இடம்கூட எனக்கு ஞாபகம் இருந்தது, இரண்டாவது தூணுக்குப் பக்கத்தில், கோடு போட்ட சட்டை. அப்படி ஒருவனை நான் எப்போது உண்டாக்கினேன் என்று தெரியவில்லை. நண்பன் வீட்டுச் சோற்றைத் தின்று, நைனா என்று கூப்பிட்டு, சத்தியமும் செய்துவிட்டு, கைதட்டலுக்காக அவரை அப்படிக் கூப்பிட்டது நான். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மருமகள் வாயுத் தொல்லை என்று நினைத்து ஓமம் கொதிக்க வைத்துக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் அவளிடம் கேட்டேன், அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று.

"எடுக்கலாம் மாமா. ஆனா உங்க குரலோட ஒட்டிக்கிட்டேதான் அவர் பேசறது வருது. அவர் சிரிக்கிறதும் சேர்ந்து போயிடும்."

"போகட்டும்மா. பாட்டு இருக்கே."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அப்புறம் செய்து கொடுத்தாள். தாளம் தவறக்கூடாது என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். மற்ற சரணங்களுக்குப் பிறகு எட்டு அடி என்றால் இங்கேயும் சரியாக எட்டு அடி. வெட்டின இடமே தெரியவில்லை. நம் கைத்திறமையே திறமை என்று அந்த நேரத்திலும் ஒரு திருப்தி வந்தது, வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை பத்து மணி லோக்கலில் வேப்பம்பட்டு போனேன். ஸ்டேஷனுக்கு அவன் மகன் வண்டியில் வந்து கூட்டிப்போனான். சொந்த வீடு, வாசலில் முருங்கை. நண்பன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முட்டி போய்விட்டதாம், எழுந்திருக்கவில்லை. அவன் மனைவி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, பேசுங்க என்று உள்ளே போனார்.

"போடு" என்றான்.

போனை அவன் காதுக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டான். விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போட்டன. ஒன்று, இரண்டு, மூன்றாவது சரணம். எட்டு அடி. நைனா பாட ஆரம்பித்தார். அவன் விரல் மட்டும் பாட்டோடு போகாமல் தனியாகத் தட்டிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"திரும்பப் போடு. மூணாவதுல இருந்து."

போட்டேன்.

"இங்க அடி கொறையுது."

"எட்டுதான்டா. எல்லாச் சரணத்துக்கும் எட்டுதானே" என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

கண்ணைத் திறந்தான். "மூணாவதுல நான் பதினாறு அடிச்சேன்டா. நைனா மேடையேறி வந்துகினு கீறாரு. அவரு வுழுந்து நிமிர்றதுக்கு டைம் குடுக்க வாணாமா? எட்ட ரெண்டு தபா அடிச்சேன். எனக்குத் தெரியாதா?"

நான் மோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ கத்துனத அறுத்துட்டியா?"

அவனுக்குத் தெரியும். எப்போதுமே தெரியும்.

"நான் உன் முதுவுக்குப் பின்னாலதான்டா ஒக்காந்துகினு இருந்தேன். எவனோ கத்தினான்னு எஸ்டேட் பூரா நீ சொல்லிகினு திரிஞ்சதும் தெரியும். அத வுடு. அதுக்கப்பறம் எங்க நைனா சிரிப்பாரே, அது எங்க?"

வெட்டாத ஒலிப்பதிவும் போனிலேயே இருந்தது. தேடிப் போட்டேன். "வந்துட்டான்டா பபூனு!" என்று நான் அவன் வீட்டுக்குள்ளேயே கத்தினேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. வந்துட்டேன் தொரைகளே. அப்புறம் அந்தச் சிரிப்பு.

"இதான்" என்றான். "இதான்டா. இதத்தான் தேடிகினு இருந்தேன்." கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. சிரிப்பை மட்டும் ஐந்தாறு தடவை போடச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் முன்னால் என் குரல் வந்தது. அதைத் தாண்டாமல் சிரிப்புக்குப் போக முடியவில்லை.

"அவரு சந்தோசமாத்தான் கீறாரு பாரு" என்றான். "எனக்குத்தான் மானம் போச்சு. இங்க வந்ததும், இந்த ஊட்ல அந்தப் பாட்டு கேக்கக் கூடாதுன்னு சொல்ட்டேன். அதோட வாய மூடினவருதான். சாவுற வரைக்கும் பாடல. அதான் கொரலு மறந்துபோச்சு."

எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி எட்டிப்பார்த்தது. குற்றத்தில் பாதி அவனுடையது என்கிற மாதிரி. மன்னிச்சிடுடா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டான்.

"நீ தப்பிச்சிக்காத" என்றான். குரலை உயர்த்தவில்லை. "கத்துனதுக்கு எனக்கு உம்மேல கோவம் இல்ல. சின்ன வயசு, மேடை, வாய்ல வந்துடுச்சி. நைனா ஒரு நாள்கூட உன்னியத் தப்பா சொன்னதில்ல. அவரு பாட்ட ஆயிரம் பேருக்கு முன்னால பாடினவன் நீ ஒருத்தன்தான். அந்தப் பாட்டுக்காரப் புள்ள வர மாட்டானா, வர மாட்டானான்னு கேட்டுகினே இருந்தாரு. என்கூடப் பாட மாட்டாரு, உன்கூடப் பாடலாம்னு இருந்தாரு. பதினோரு வருசம் கேட்டாரு. அப்பறம் போய்ட்டாரு."

கோபமாக இருப்பது அவன், தணிய வேண்டியதும் அவன் என்று நான் காத்திருந்த பதினோரு வருடங்கள் அவை. கொரட்டூரிலிருந்து வேப்பம்பட்டுக்கு முக்கால் மணி நேரம். அந்தக் காலத்திலும் அரை மணிக்கு ஒரு வண்டி இருந்தது.